உருது பேசும் மாணவர்களுக்கு ஆங்கிலத்தின் ‘மஸ்ட்’, ‘மைட்’, ‘அன்லெஸ்’ சொற்களைக் கற்பிக்கப் போகிறீர்களா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் ஆங்கிலம் கற்பிக்கப் போகும் தமிழ் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். மாலை வகுப்பு நடத்துபவர்கள், சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுக்கும் வங்கித் தேர்வுக்கும் வெளிநாடு செல்வோர் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்கும் பிள்ளைகளைத் தயார் செய்பவர்கள் எல்லோருக்கும் இது பயன்படும். அங்கே உங்கள் மாணவர்களில் பலரின் வீட்டு மொழி உருது. பெயர்ச்சொல், வினைச்சொல் எல்லாம் தட்டுத்தடுமாறி ஓடிவிடும். ‘நிச்சயமாக’, ‘அநேகமாக’, ‘இருந்தால் மட்டுமே’, ‘இதிலிருந்து இது பெறப்படும்’ என்று சொல்லும் ஆங்கிலச் சொற்கள் வரும்போதுதான் வகுப்பு அப்படியே நின்றுவிடும். தேர்வில் மதிப்பெண் பறிபோவதும் அங்கேதான்.

இதற்கென்று தயாராக ஒரு பாடநூல் எனக்குக் கிடைக்கவில்லை. கடைகளில் கிடைப்பவை ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு சொல் எழுதிய பட்டியல்கள். அவற்றை மனப்பாடம் செய்த பிள்ளைகள் வாக்கியத்தைக் கண்டதும் திணறுவதைப் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த முறை இது. சாரம் ஒன்றுதான்: பொருள் சொல்வதற்கு முன், ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்க வேண்டும். உறுதியைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தே மாறுகின்றன.

1. எந்த உருது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே வகுப்பில் மூன்று உருது இருக்கும். வீட்டில் பேசுவது தக்னி, அதாவது தென்னாட்டு உருது. பள்ளியில் உருது வழியில் படித்தவர்களிடம் நூல் உருது இருக்கும். மதரஸாவில் சில ஆண்டுகள் இருந்தவர்களிடம் அரபு வழி வந்த தர்க்கக் கலைச்சொற்கள் இருக்கும். முதல் வகுப்பில் பாடம் நடத்தாதீர்கள். ‘நாளை மழை வருமா?’ என்று கேட்டு, ஒவ்வொருவரையும் வீட்டில் பேசுகிறபடி பதில் சொல்லச் சொல்லுங்கள். யாரிடம் எந்த உருது இருக்கிறது என்பது அரை மணி நேரத்தில் விளங்கிவிடும்.

தக்னி நமக்கு அக்கம்பக்கத்து மொழி. ‘ஆதா கதே’ என்றால் ‘வருகிறானாம்’. நம்முடைய ‘ஆம்’ செய்யும் வேலையை, அதாவது நானாகப் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்று காட்டும் வேலையை, அந்தக் ‘கதே’ செய்கிறது. ‘போல்கே’ என்பது நம்முடைய ‘என்று’ போல வாக்கியத்தின் நடுவில் உட்காரும். ஆகவே ஆங்கிலத்தின் ‘அப்பேரன்ட்லி’, ‘ரிப்போர்டட்லி’ இரண்டையும் ‘கதே’யிலிருந்தே தொடங்குங்கள். நூல் உருதுவில் இவற்றை விளக்கப் போனால் சுற்றி வளைக்க வேண்டியிருக்கும்.

மதரஸா மாணவர்களைக் குறைத்து எடைபோடுவது புதிய ஆசிரியர்கள் பலர் விழும் பள்ளம். ஆங்கிலத்தில் பின்தங்கியிருப்பார்கள், உண்மை. ஆனால் ‘மன்திக்’ என்ற பெயரில் தர்க்கத்தை முறையாகப் படித்தவர்கள் அவர்கள். பெரிய முன்கூற்றுக்குக் ‘குப்ரா’, சிறிய முன்கூற்றுக்கு ‘சுக்ரா’, முடிவுக்கு ‘நதீஜா’ என்று பெயர் சொல்லிப் பழகியவர்கள். வங்கித் தேர்வில் முன்கூற்றும் முடிவும் கொடுத்துக் கேட்கும் கேள்வியில் அவர்களுக்குத் தெரியாதது ஆங்கிலம் மட்டும்தான். அவர்களில் ஒருவரைப் பலகை அருகே வரச் சொல்லி விளக்கச் சொல்லுங்கள். மற்றவர்களும் அவரிடமிருந்து கற்பார்கள்.

2. கையில் என்னென்ன இருக்க வேண்டும், என்ன செலவாகும்

பெரிய செலவு இல்லை. ஜான் பிளாட்ஸ் 1884இல் வெளியிட்ட உருது–ஆங்கில அகராதி சிகாகோ பல்கலைக்கழகத்தின் மின்னகராதித் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. பழைய நூல் என்பதால் இன்றைய பேச்சுப் பொருளுக்கு அதை நம்ப வேண்டாம். ஒரு சொல்லின் வேரையும் கிளைப் பொருள்களையும் பார்க்க அதைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை. இன்றைய வழக்குக்கு ரேக்தா நிறுவனத்தின் இணைய அகராதி இருக்கிறது. அதுவும் இலவசம். ஆங்கிலத்திலிருந்து உருதுவுக்குப் போனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். கிடைத்த உருதுச் சொல்லைத் திரும்ப ஆங்கிலத்தில் தேடுங்கள். வேறு ஏதாவது சொல் வந்து நின்றால், அந்த இடத்தில் மாணவரும் குழம்புவார் என்று அர்த்தம்.

செல்பேசியில் உருது விசைப்பலகையை ஏற்றிக்கொள்ளுங்கள். அச்சிடுவதற்கு ஜமீல் நூரி நஸ்தலீக் எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது. உங்களுக்கு உருது எழுதத் தெரியாவிட்டாலும், பலகையில் உருதுச் சொல்லைத் தமிழ் எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதாதீர்கள். ஒரு மாணவரை அழைத்து உருது எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். உருதுவில் ‘ஸ’ ஒலிக்கு மூன்று எழுத்துகள் உண்டு. நம் எழுத்தில் எல்லாம் ஒன்றாகிவிடும், பிள்ளைகள் வேறு சொல்லாகப் படித்துவிடுவார்கள். எழுத வந்த மாணவருக்குக் கூச்சமும் போகும்.

மாதிரி வினாத்தாள்களை விலை கொடுத்து வாங்க வேண்டாம். சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு, சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வான கிளாட்டின் பழைய வினாத்தாள்களைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. ஐஇஎல்டிஎஸ் மாதிரிகளும் அதிகாரபூர்வத் தளங்களில் உண்டு. நகல் எடுக்கும் காசு மட்டும்தான் உங்கள் செலவு. மாணவரின் செலவோ பெரிது. கிளாட் விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய் வரை போயிருக்கிறது. ஐஇஎல்டிஎஸ் கட்டணம் 15,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. தோல் தொழிற்சாலைச் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு இரண்டாவது முறை கட்டுவது சாதாரண காரியமா? கட்டணம் கட்டுவதற்கு முன்பே இந்தப் பாடத்தை முடித்துவிடுங்கள்.

3. உறுதியின் படிகளை வரையுங்கள்

பலகையில் ஓர் ஏணி வரையுங்கள். உச்சியில் ‘யகீன்’, அதன் கீழ் ‘ஜன்’, நடுவில் ‘ஷக்’, அடியில் ‘வஹம்’. மதரஸா மரபில் இவற்றுக்குக் கறாரான அளவு உண்டு. இரு பக்கமும் சமமாக இருந்தால் ஷக். ஒரு பக்கம் கனத்தால் அந்தப் பக்கம் ஜன், இலேசான பக்கம் வஹம். எதிர்ப்பக்கத்துக்கு இடமே இல்லையென்றால் யகீன். வீட்டுப் பேச்சில் ஷக் என்பது வெறும் சந்தேகம், வஹம் என்பது வீண் பயம். இரண்டு அளவையும் சொல்லிவிட்டு, இந்த வகுப்பில் முதல் அளவைத்தான் பயன்படுத்தப் போகிறோம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இப்போது ஆங்கிலச் சொற்களை ஏற்றுங்கள். ‘செர்டன்லி’, ‘டெஃபனட்லி’ இரண்டும் ‘யகீனன்’ படியில். ‘ப்ராபப்லி’ என்பது ‘காலிபன்’. ‘பெர்ஹாப்ஸ்’, ‘மேபி’ இரண்டும் ‘ஷாயத்’. பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்குவது ‘ப்ராபப்லி’யையும் ஷாயத் என்று எழுதும்போது. ‘காலிப்’ என்றால் மேலோங்கியது என்பது அவர்களுக்கே தெரியும். அதை நினைவூட்டினால் போதும்: எந்தப் பக்கம் மேலோங்கி நிற்கிறதோ அதுதான் ‘ப்ராபப்லி’. சில வினாத்தாள்களில் ‘நிச்சயம் உண்மை’, ‘அநேகமாக உண்மை’, ‘தரவு போதாது’ என்று தனித்தனி விடைகள் இருக்கும். ஷாயத் என்று படித்த பிள்ளை ‘தரவு போதாது’ என்பதில் குறியிடும்.

‘ஜரூர்’ என்ற சொல்லில் கவனம் தேவை. ‘நிச்சயம்’ என்றும் வரும், ‘கட்டாயம் வாருங்கள்’ என்ற உபசரிப்பாகவும் வரும். கல்யாணத்துக்கு அழைக்கும்போது சொல்லும் ஜரூரை ‘டெஃபனட்லி கம்’ என்று பெயர்த்தால் ஆங்கிலத்தில் ஒட்டாது. ‘டூ கம்’ என்பதே பொருத்தம். ‘இன்ஷா அல்லாஹ்’ என்று மாணவர் சொல்வதை ‘மைட்’ என்று நீங்களாக இறக்கிவிடாதீர்கள். அது அவருடைய நம்பிக்கையின் மொழி. சொல்லும் செய்தி ‘வில்’ என்ற அளவில் உறுதியாகவே இருக்கலாம்.

4. ‘ஹோகா’வுக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்

பாடத்தின் உயிர்நாடி இது. ‘வோ கர் பஹுஞ்ச் கயா ஹோகா’ என்று உருதுவில் ஒரே வாக்கியம். தமிழில் ‘அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பான்’. இரண்டு மொழியும் ஒரே வினைமுற்றில் நிறுத்திக்கொள்கின்றன. ஆங்கிலம் அப்படி விடாது. நீ எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டு, பதிலுக்கேற்ப வேறு வேறு துணைவினை கேட்கும். உங்கள் தாய்மொழியும் இதே நிலையில் இருப்பதால் மாணவரின் சிக்கல் உங்களுக்கு உள்ளிருந்தே புரியும். வெளியூர் ஆங்கில ஆசிரியருக்கு இல்லாத வசதி இது.

நான் நடத்தும் விதம் இது. சலீம் சென்னையிலிருந்து ஆம்பூர் வருகிறான். பலகையில் ஹோகா வாக்கியத்தை எழுதிவிட்டு, நான்கு நிலைமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லுவேன். ஒவ்வொன்றுக்கும் ‘கைஸே மாலூம்?’, எப்படித் தெரியும் என்று கேட்பேன்.

அவன் வீட்டு வாசலில் அவனுடைய செருப்பு கிடக்கிறது. வார் அறுந்து நீல நூலால் தைத்த அதே செருப்பு. அப்படியானால் ‘மஸ்ட் ஹேவ் ரீச்ட்’. கண்ணெதிரே இருக்கும் தடயம் வேறு முடிவுக்கு இடம் கொடுக்கவில்லை.

காலையிலேயே ரயில் ஏறிவிட்டான், இப்போது மாலை. தடயம் ஒன்றும் இல்லை, வழக்கமான கணக்கு மட்டும். ‘வில் ஹேவ் ரீச்ட்’ அல்லது ‘ஷுட் ஹேவ் ரீச்ட்’.

ஏறினானா இல்லையா என்பதே தெரியாது. ‘மே ஹேவ்’ அல்லது ‘மைட் ஹேவ்’.

ஐந்து நிமிடம் முன்பு சென்னைக் கடையின் தொலைபேசியிலிருந்து பேசினான். இங்கே ஹோகாவே வராது. ‘பஹுஞ்ச் ஹீ நஹீன் சக்தா’, போய்ச் சேரவே முடியாது என்பார்கள். ‘கான்ட் ஹேவ் ரீச்ட்’.

நான்காவதில் ஒரு நாள் முழுவதும் நில்லுங்கள். ஊகப் பொருளில் வரும் ‘மஸ்ட்’டுக்கு எதிர்ச்சொல் ‘கான்ட்’. பிள்ளைகள் ‘மஸ்ட் நாட்’ என்று எழுதுவார்கள். அதைப் படிப்பவர் பெரும்பாலும் ‘கூடாது’ என்ற தடையாகவே எடுத்துக்கொள்வார்.

‘மஸ்ட்’டின் மற்றொரு பொருளான கட்டாயத்தை இந்த வாரம் தொடவே வேண்டாம். தக்னியில் ‘ஹோனா’ என்றால் வேண்டும்: ‘மேரேகு பானீ ஹோனா’ என்றால் எனக்குத் தண்ணீர் வேண்டும். நூல் உருதுவில் அதற்குச் ‘சாஹியே’. மஸ்டின் இரண்டு பொருளையும் ஒரே நாளில் சொன்னால் ஹோகா, ஹோனா இரண்டும் கலந்து குழம்பிவிடும். கட்டாயம் அடுத்த வாரம் வரட்டும்.

5. ஷரத்துக்கு வாருங்கள்

‘ஷர்த்’ என்ற உருதுச் சொல்லும் நம் பத்திரங்களில் வரும் ‘ஷரத்து’ம் ஒன்றுதான். வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் முகம் மலரும். அங்கிருந்து தொடங்குங்கள்.

‘இஃப்’ எளிது, ‘அகர்... தோ’ என்று அவர்களிடமே இருக்கிறது. ‘ஒன்லி இஃப்’ வரும்போது ‘தபீ... ஜப்’ என்ற அமைப்பைப் பிடியுங்கள். ‘அப்போதுதான், எப்போதென்றால்’ என்ற இந்த அமைப்பில் எது எதற்கு நிபந்தனை என்பது தெளிவாகத் தெரியும்.

‘அன்லெஸ்’தான் தொல்லை. உருதுவில் ‘ஜப் தக்’ என்று தொடங்கி வினைக்கு முன் ‘ந’ என்ற எதிர்மறை வரும். நாமும் ‘கட்டாவிட்டால்’ என்கிறோம். அதனால் பிள்ளைகள் ‘அன்லெஸ் யூ டோன்ட் பே’ என்று எழுதுகிறார்கள். அன்லெஸ்ஸின் வயிற்றுக்குள்ளேயே ‘இல்லை’ இருக்கிறது, இன்னொன்று வேண்டாம் என்று சொல்லி, பத்து வாக்கியங்களை ‘இஃப்... நாட்’ வடிவிலிருந்து அன்லெஸ்ஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். ‘அன்டில்’ என்பதற்கும் இதே பயிற்சி. ‘அகர்ச்சே... லேகின்’ பழக்கத்தில் ‘ஆல்தோ... பட்’ என்றும், ‘சூங்கே... இஸ் லியே’ பழக்கத்தில் ‘சின்ஸ்... சோ’ என்றும் இரட்டை இணைப்பு போடுவதையும் இதே நாளில் திருத்திவிடலாம்.

அடுத்து ‘நெசஸரி’, ‘சஃபிஷியன்ட்’. முதலாவது லாஜிமி ஷர்த், இல்லாமல் முடியாத நிபந்தனை. இரண்டாவது காஃபீ ஷர்த், அது மட்டுமே போதுமான நிபந்தனை. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பேச்சில் ‘காஃபீ’ என்றால் ‘நிறைய’, ‘நன்றாகவே’ என்ற பொருளும் உண்டு. காஃபீ அச்சா என்றால் நன்றாகவே இருக்கிறது. அதனால் ‘சஃபிஷியன்ட் கண்டிஷன்’ என்பதை ‘ஏராளமான நிபந்தனை’ என்று புரிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. அதேபோல நெசஸரிக்கு ‘ஜரூரீ’ என்று சொன்னால், அது பேச்சில் ‘முக்கியமான’. தேர்வுக்கூட ஆவணங்களை வைத்து விளக்குங்கள். நுழைவுச் சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே அது நெசஸரி. நுழைவுச் சீட்டு மட்டும் இருந்தால் விடுவார்களா? அசல் அடையாள அட்டையும் கேட்பார்கள்; ஆகவே அது சஃபிஷியன்ட் இல்லை. எடுத்துச் செல்ல வேண்டிய ஆவணங்களையும் பிள்ளைகள் இதோடு சேர்த்து மனத்தில் வைத்துக்கொள்வார்கள்.

6. ‘ஸஹீ’ என்ற ஒரே சொல்லைப் பிரித்துக்கொடுங்கள்

உண்மையா, சரியா, முறைப்படி செல்லுமா என்ற மூன்றுக்கும் பேச்சில் ‘ஸஹீ’ என்றே சொல்லிவிடுவார்கள். ஆங்கிலத் தர்க்கத்தில் ‘ட்ரூ’ வேறு, ‘வேலிட்’ வேறு. இரண்டு கேள்விகளாகப் பிரியுங்கள். ‘பாத் சச் ஹை?’, சொன்னது உண்மையா என்பது ட்ரூவுக்கு. ‘நதீஜா நிகல்தா ஹை?’, முடிவு அதிலிருந்து வருகிறதா என்பது வேலிட்டுக்கு.

‘எல்லா ஆடுகளும் பறக்கும். இது ஆடு. ஆகவே இது பறக்கும்’ என்று எழுதுங்கள். முதல் கேள்விக்கு இல்லை; இரண்டாவதற்கு ஆம். கொஞ்ச நேரம் வகுப்பில் சத்தம் எழும், எழட்டும். ஆடு பறக்காதே என்று விடாமல் வாதாடும் பிள்ளையை அடக்காதீர்கள். அந்த வாதம் முடியும்போது வகுப்பு முழுவதற்கும் வேறுபாடு விளங்கியிருக்கும்.

ஐஇஎல்டிஎஸ் வாசிப்புத் தேர்வில் 60 நிமிடத்தில் 40 கேள்விகள். அதில் ட்ரூ, ஃபால்ஸ், ‘நாட் கிவன்’ வகைக்கு இதே வழி. பத்தி மறுத்தால் ஃபால்ஸ். ‘ஜிக்ர் நஹீன்’, பேச்சே எடுக்கவில்லை என்றால் நாட் கிவன். தனக்கு வெளியிலிருந்து தெரிந்ததை வைத்து மாணவர் பதில் எழுதும் இடம் இது. விரலைப் பத்தியில் வைத்து வரியைக் காட்டு என்று கேளுங்கள். காட்ட வரி இல்லையென்றால் நாட் கிவன்.

இன்னும் சில சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘கியாஸ்’ என்பது பேச்சில் ஊகம், மார்க்கச் சட்டத்தில் ஒப்புநோக்கு, மன்திக்கில் முக்கூற்று வாதம். எதைச் சொல்கிறோம் என்று கேட்டுக்கொண்டு பேசுங்கள். ‘ஃபர்ஜ் கீஜியே’ என்றால் ‘சப்போஸ்’. தனியே ஃபர்ஜ் என்றால் கடமை. ‘சபூத்’ என்ற சொல்லை ‘ப்ரூஃப்’புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ‘க்ளூ’வுக்குக் ‘கரீனா’வையும் ‘ஆர்க்யுமென்ட்’டுக்குத் ‘தலீல்’ என்பதையும் கொடுங்கள். ஆர்க்யுமென்ட் என்றதும் சண்டை என்று எண்ணுவது எல்லா ஊரிலும் உண்டு.

7. ‘எல்லாரும் வரவில்லை’ சிக்கல்

‘சப் தாலிப் இல்ம் நஹீன் ஆயே’ என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள் சொல்லலாம்: சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை, அல்லது ஒருவருமே வரவில்லை. தமிழில் ‘எல்லா மாணவர்களும் வரவில்லை’ என்றாலும் இதே கதை. பேச்சில் குரல் ஏற்றத்தால் சமாளித்துக்கொள்கிறோம், தாளில் குரல் இல்லை. ‘நாட் ஆல்’ என்பதற்கு ‘சப் கே சப் நஹீன்’ என்றும், ‘நன்’ என்பதற்கு ‘கோயீ பீ நஹீன்’ என்றும் வகுப்பில் உறுதி செய்துகொள்ளுங்கள். ‘சம்’ என்றால் தர்க்கக் கேள்விகளில் குறைந்தது ஒன்று, எல்லாமாகவும் இருக்கலாம். பேச்சில் ‘குச்’ (சில) என்றால் மீதியுள்ளவை அப்படி இல்லை என்று தோன்றிவிடும். வங்கித் தேர்வில் மதிப்பெண் இங்கேயும் போகிறது, தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கூடுதலாகக் கழிகிறது.

8. எப்போது தொடங்குவது

வாரம் இரண்டு வகுப்பு என்றால் ஆறு வாரம் வேண்டும். ஏணிக்கு ஒரு வாரம், ஹோகாவுக்கு ஒன்று, கட்டாயப் பொருளுக்கும் ஷரத்துக்கும் சேர்த்து இரண்டு, ஸஹீக்கும் ‘எல்லாரும் வரவில்லை’க்கும் ஒன்று, கடைசி வாரம் முழுவதும் பழைய வினாத்தாள். கிளாட் தேர்வு 2023ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் டிசம்பர் முதல் ஞாயிறு அன்று நடந்தது. 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், ஆங்கிலத்தில் மட்டும். அதற்குப் போகும் பிள்ளைகளுக்கு ஜூலையிலேயே தொடங்குங்கள்; கடைசி மூன்று மாதம் பயிற்சிக்கு வேண்டும். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு ஆண்டுகள்தான் செல்லும் என்பதால், வெளிநாட்டு விண்ணப்பம் எப்போது என்று கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள்.

வகுப்பு நேரத்தை அந்தி நேரத்து மக்ரிப் தொழுகை முடிந்தபின் வையுங்கள். இரவுத் தொழுகையான இஷாவுக்கு முன் முடித்துவிடுங்கள். கோடையில் இந்த இடைவெளி ஒன்றேகால் மணி நேரம் அளவில்தான் இருக்கும், அதற்குள் ஒரே ஒரு கருத்தை மட்டும் எடுங்கள். ரமலான் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகரும். அந்த மாதம் மாலை வகுப்பு நடக்காது. காலையில் அரை மணி நேரம் பழைய பாடத்தைத் திருப்பிப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், புதிய பாடம் வேண்டாம்.

கடைசி வகுப்பில் அன்றைய ஆங்கில நாளிதழிலிருந்து ஒரு செய்தியை நகலெடுத்துக் கொடுங்கள். உறுதியைச் சொல்லும் சொற்களை எல்லாம் வட்டமிட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் ‘கைஸே மாலூம்?’ என்பதற்கான பதிலை உருதுவிலேயே எழுதச் சொல்லுங்கள். பதில் எழுத முடியாத வட்டங்கள் எவையோ, அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு தேர்வுக்கு முந்தைய வாரத்தில் இன்னொரு வகுப்பு நடத்துங்கள்.